உள்ளே போகாமல் போட்ட வட்டம்

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவது என்று பெட்டியக்கா இரண்டு தடவை பஸ் ஏறித் தங்கை வீட்டுக்குப் போனாள். இரண்டு தடவையும் சாப்பிட்டாள், நாலு வீட்டுக் கதை பேசினாள், பொழுது சாய்வதற்குள் திரும்பி வந்துவிட்டாள். பஸ்ஸில் அது மூன்று மணி நேரப் பயணம். முப்பத்தைந்து வருஷமாக நெஞ்சுக்குள் கிடந்தது மூன்று மணி நேரத்தில் வாய்க்கு ஏறி வருமா? வரவில்லை. அதனால் மூன்றாம் தடவை நடந்தே போவது என்று முடிவு செய்தாள். ஐந்து நாள் நடந்து போகிறவள் சும்மா சாப்பிட்டுவிட்டுத் திரும்ப முடியாது. எதற்கு நடந்து வந்தாய் என்று கட்டாயம் கேட்பார்கள். கேட்டால் சொல்லித்தானே ஆகவேண்டும். அவள் போட்ட கணக்கு அவ்வளவுதான்.

அப்போது அவளுக்கு அறுபத்தெட்டு வயது. புருஷன் போய் ஒன்பது வருஷம். ஒரே மகள் கல்யாணம் கட்டிக்கொண்டு வேறு ஊரில் இருந்தாள். சுகாதார நிலையத்தில் வீடு வீடாகப் போகிற வேலையை முப்பத்தோரு வருஷம் பார்த்தவள் பெட்டியக்கா. ஐஸ் கட்டி போட்ட பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து போட்டதால் வந்த பெயர் அது. அந்தப் பெயர் எப்படி ஒட்டிக்கொண்டது என்றால், மகள் கல்யாணத்துக்கு அழைப்பு அடித்தபோது, சொந்தப் பெயரை மட்டும் போட்டால் யார் வீட்டுக் கல்யாணம் என்று ஒருத்தருக்கும் புரியாது என்று, பக்கத்திலேயே பெட்டியக்கா என்றும் சேர்த்துப் போட்டார்கள். புருஷனைப் 'பெட்டியக்கா வீட்டுக்காரர்' என்றே கடைசிவரை கூப்பிட்டார்கள். அவரும் பாவம், திரும்பிப் பார்ப்பார்.

சொட்டு மருந்து போடுகிற நாளில் ஒரு முறை உண்டு. மருந்து போட்டு முடித்ததும் அந்த வீட்டுக் கதவுநிலையில் சாக்கட்டியால் ஒரு வட்டம் போட வேண்டும். எத்தனை பிள்ளைக்குப் போட்டதோ அந்த எண்ணை வட்டத்துக்குள் எழுத வேண்டும். பிள்ளை வீட்டில் இல்லை என்றால் வட்டத்துக்குள் பெருக்கல் குறி. மறுநாள் அந்த வீட்டுக்குத் திரும்பி வர வேண்டும். பிள்ளையின் விரலில் மை வைக்கிற வழக்கம் பின்னால்தான் வந்தது. அந்தக் காலத்தில் வட்டம்தான் சாட்சி. மேலதிகாரி வந்தாலும் கதவைத் தட்ட மாட்டார். நிலையைப் பார்ப்பார், வட்டம் இருந்தால் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்.

முப்பத்தோரு வருஷத்தில் பெட்டியக்கா உள்ளே போகாமல் வட்டம் போட்டது ஒரே ஒரு வீட்டில். அது அவள் கூடப் பிறந்த தங்கையின் வீடு.

சண்டை என்ன என்று கேட்டால் சிரிப்பு வரும். ஒரு தையல் மெஷின். தாய் கண்ணை மூடுவதற்கு முன்னால், மெஷின் சின்னவளுக்கு என்று சொல்லிவிட்டாள். பன்னிரண்டு வயதிலிருந்து அந்த மெஷினை மிதித்தவள் பெரியவள். வீட்டுத் தலையணை உறையிலிருந்து அப்பா சட்டைக் கிழிசல் வரைக்கும் அவள் கைதான். சின்னவளுக்கு ஊசியில் நூல் கோக்கக்கூட ஆள் வேண்டும்.

"நூல் கோக்கத் தெரியாதவளுக்கு மெஷின் எதுக்குடி?" என்று கேட்டாள் பெரியவள்.

"உனக்குத்தான் சர்க்காரே ஒரு பெட்டி கொடுத்திருக்கே. இந்தப் பெட்டியும் வேணுமா?" என்றாள் சின்னவள். வீடு நிறைய உறவுக்காரர்கள் இருந்தார்கள். சித்தப்பா மகன்கள் இரண்டு பேர் வாய்விட்டுச் சிரித்தார்கள். பெட்டியக்காவுக்குச் சின்னவள் சொன்னதைவிட அந்தச் சிரிப்புதான் சுட்டது. ஏழு மாசம் பேச்சுவார்த்தை இல்லை.

அந்த ஏழு மாசத்துக்குள் அந்த நாள் வந்தது. மத்தியானம் இரண்டு மணி. கூட வர வேண்டியவள் காய்ச்சல் என்று படுத்துவிட்டாள். பெட்டியில் ஐஸ் தண்ணீராகிக்கொண்டிருந்தது. தெருவின் கடைசி வீடு தங்கையுடையது. வாசல்வரை போனாள். உள்ளே தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. தடதடவென்று, நிற்காமல். எப்போதடி கற்றுக்கொண்டாய் என்று நினைத்தாள். கதவைத் தட்டத் தூக்கிய கை அப்படியே சாக்கட்டியை எடுத்தது. வட்டம். உள்ளே ஒன்று. ஒரு பிள்ளைக்குப் போட்டாயிற்று. நாளைக்குச் சாயங்காலம் வந்து போட்டுவிட்டால் போகிறது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். நாளைக்கு வேறு தெரு. மறுநாள் இன்னொரு தெரு. வட்டம்தான் இருக்கிறதே.

நாலு மாசம் கழித்துப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டபோது இடது காலும் விட்டுப்போயிருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்த பெட்டியக்காவைக் கட்டிக்கொண்டு தங்கை அழுதாள். சண்டை அங்கேயே முடிந்துவிட்டது. அடுத்த ஆறு வருஷம் அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எத்தனை ஆஸ்பத்திரி, எத்தனை கட்டு, எத்தனை எண்ணெய். தூக்கினதில் பாதிப் பங்கு பெட்டியக்காவுடையது. "பெரியம்மான்னா இப்படி இருக்கணும்" என்று கண்டவர்கள் சொன்னார்கள். அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் அவள் பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொள்வாள். பிறகு தங்கை குடும்பமும் அவள் கொழுந்தன் குடும்பமும் அவர்களின் சொந்த ஊருக்கே போய்விட்டன.

இதைத்தான் சொல்லப் போனாள்.

முதல் நாள் விடிந்ததும் கிளம்பினாள். ஒரு துணிப்பை, மாற்றுப் புடவை, தண்ணீர் பாட்டில், புருஷனின் பழைய குடை. தெருமுனையில் இஸ்திரி போடுகிறவன் கரியை விசிறிக்கொண்டே கேட்டான்.

"அக்கா, எங்க இவ்வளவு காலையில?"

"தங்கச்சி வீட்டுக்கு."

"பஸ் ஸ்டாண்டு அந்தப் பக்கம்."

"தெரியும்டா. நடந்து போறேன்."

"யாரு மேல கோவம்?"

"என் மேலதான்" என்றாள். அவன் சிரித்தான். நல்ல பதில் என்று நினைத்திருப்பான்.

நடக்கிறவர்களுக்கு ஒரு வாயாடித்தனம் வரும், தனக்குத்தானே பேசுகிற வாயாடித்தனம். பெட்டியக்கா சொல்ல வேண்டியதை நடந்துகொண்டே சொல்லிப் பார்த்தாள். முதல் நாள் அது நீளமாக இருந்தது. அன்றைக்கு வெயில் எப்படி அடித்தது, கூட்டாளி வராததால் நூற்று நாற்பது வீட்டைத் தனியாகப் பார்த்தது, ஐஸ் உருகினது, சித்தப்பா மகன்கள் சிரித்தது, மெஷின் சத்தம், அப்புறம் பெரிய டாக்டர் பின்னால் ஒரு நாள் சொன்னது. ஒரு தடவை போடாமல் விட்டதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாதும்மா என்று அவர் யாரையோ பார்த்துச் சொன்னதை இவள் மருந்துச் சீட்டுபோல மடித்து முப்பது வருஷமாகப் பத்திரமாக வைத்திருந்தாள். எல்லாவற்றையும் சொல்லிக் கடைசியில் வட்டத்துக்கு வருவதற்குள் மூன்று கிலோமீட்டர் ஆகிவிட்டது. சொல்லி முடித்தபோது, சுமக்க முடியாத அளவுக்குத் தான் கஷ்டப்பட்டதுபோலத்தான் இருந்ததே தவிர, பிள்ளை கால் போனதுபோல இல்லை. இது சரியில்லை என்று தலையை ஆட்டிக்கொண்டாள்.

பழைய புத்தி விடவில்லை. எந்த ஊருக்குள் நுழைந்தாலும் கண் தானாகக் கதவுநிலைக்குப் போனது. போகும்போது இடது சாரி, வரும்போது வலது சாரி என்று அந்தக் காலத்தில் நடந்த கால். இப்போது வரும்போது என்ற ஒன்று இல்லை. இடது சாரியாகவே நடந்தாள்.

இரண்டாம் நாள் சாயங்காலம் வழியில் இருந்த அண்ணன் வீட்டில் ஏறினாள். அண்ணன் என்றால் பெரியம்மா மகன். பெரியம்மாவின் ஆறு பிள்ளைகளில் மிச்சம் இருக்கிறவர் அவர் ஒருத்தர்தான். லேத்துப் பட்டறையில் நாற்பது வருஷம் நின்று காது மந்தமானவர். அண்ணிக்கு அதனால் குரல் பெருத்துவிட்டது.

"நடந்தா வந்தீங்க? ஏன், பஸ் ஓட்டுறவனெல்லாம் செத்துப் போயிட்டானா?" என்றாள் அண்ணி.

"காலுக்கு நல்லதுன்னு டாக்டர் சொன்னார் அண்ணி."

"வாசல் வரைக்கும் நடக்கச் சொல்லியிருப்பார். நீங்க ஜில்லாவையே தாண்டுறீங்க."

"என்ன சொல்றா?" என்றார் அண்ணன்.

"உங்க தங்கச்சிக்குக் கால் நல்லா இருக்காம். மூளைதான் சரியில்லையாம்."

"அது சின்ன வயசுலேர்ந்தே" என்றார் அவர், ரொம்ப சாவதானமாக. மூன்று பேரும் சிரித்தார்கள். பெட்டியக்கா அந்த ஐந்து நாளில் சிரித்தது அங்கே மட்டும்தான்.

அண்ணி வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். பாதத்தில் இரண்டு கொப்புளம். அதைப் பார்த்து உச்சுக் கொட்டிவிட்டு, பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். "உங்க தங்கச்சிக்காகவா இவ்வளவு தூரம் நடக்கிறீங்க? நெஞ்சழுத்தக்காரி. மாமியார் செத்தப்போ வாசல்ல வந்து நின்னுட்டு உள்ளே போகாம திரும்பினவளாச்சே."

"மாமியார் மருமக சண்டை எந்த வீட்டுல இல்ல அண்ணி?"

"எங்க வீட்டுல இல்ல. எங்க மாமியார் நான் வர்றதுக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்துட்டாங்க."

தங்கையின் மாமியாரைப் பெட்டியக்காவும் அறிவாள். வெடவெடவென்று ஒல்லி. பேச்சு அதிகம் கிடையாது. பிள்ளைக்குக் கால் போன வருஷமே பெரிய மகன் வீட்டை விட்டுச் சின்ன மகன் வீட்டோடு போய்விட்டாள். எதனால் என்று தங்கை சொன்னதில்லை. இவளும் கேட்டதில்லை. பாத்திரம் ஒன்றோடொன்று இடிபடாத சமையலறை உண்டா என்று விட்டுவிட்டாள்.

மூன்றாம் நாள் வெயில் ஏறியபோது ஒரு பஸ் பக்கத்தில் வந்து மெதுவாகியது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே கேட்டான். "அம்மா, முந்தாநாள் கரும்புக்கடைப் பக்கம் பார்த்தேன், நேத்து பாலத்துல பார்த்தேன், இன்னைக்கு இங்க. எங்க வண்டியைத் தோற்கடிக்கப் பார்க்கிறீங்களா?"

"நீ போப்பா, உனக்கு நேரமாகுது."

"ஏறுங்க. டிக்கெட் கேட்க மாட்டேன்."

"ஏறினா சொல்ல மாட்டேன்" என்றாள் அவள். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. டிரைவரைப் பார்த்து விசில் ஊதினான்.

அன்றைக்குச் சொல்லிப் பார்த்ததில் சித்தப்பா மகன்கள் இல்லை. வெயிலும் இல்லை. ஐஸ் மட்டும் இன்னும் இருந்தது.

அன்று பொழுது சாயும்போது ஒரு சின்ன ஊரின் சுகாதார நிலையத்தில் ஒதுங்கினாள். இந்த வேலை பார்த்தவள் என்று சொன்னதும் அங்கிருந்த நர்ஸ் பெஞ்சைத் துடைத்து உட்கார வைத்தாள். டீ வாங்கி வரச் சொன்னாள். மகள் வயதுகூட இருக்காது. மறுநாளைக்கு மருந்துப் பெட்டிகளை வரிசையாக அடுக்கி, பெயர்ப் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டி இப்போது நீல நிறம், பாதிக் கனம்கூட இல்லை. பெட்டியக்கா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"எத்தனை வருஷம் சர்வீஸ்மா?"

"முப்பத்தொண்ணு."

"உங்க காலத்து ஆளுங்க ஒரு வீடுகூட விட மாட்டீங்கன்னு எங்க டாக்டர் சொல்லிக்கிட்டே இருப்பார். எங்களைத் திட்டுறதுக்கு உங்களைத்தான் எடுப்பார்."

"ஒரு வீடு விட்டேன்" என்றாள் பெட்டியக்கா.

சொல்லிவிட்டாள். மனுஷக் காதில் விழும்படி முதல் தடவையாக. நர்ஸ் பட்டியலிலிருந்து தலையை எடுக்கவில்லை. "ஒண்ணுதானே. போன மாசம் நாங்க பதினேழு விட்டுட்டு மறுபடி போனோம்" என்றாள். அப்புறம், "டீயில சர்க்கரை போதுமாம்மா?" என்றாள்.

போதும் என்றாள் பெட்டியக்கா.

நாலாம் நாள் அவள் பேசவே இல்லை. கொப்புளம் உடைந்து செருப்பு வார் ஒட்டிக்கொண்டது. ரோட்டோரம் ஒரு செங்கல் சூளை, அதைத் தாண்டி ஒரு பள்ளிக்கூடம். பள்ளி விட்டுப் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். ஒன்றிரண்டு இல்லை, நூறு பிள்ளைகள், இருநூறு கால்கள். அவள் புளியமரத்தடியில் உட்கார்ந்து கடைசிப் பிள்ளை போகும்வரை பார்த்தாள். அப்புறம் எழுந்தபோது ஐஸ் போய்விட்டது, டாக்டர் சொன்னதும் போய்விட்டது. மிஞ்சினது ஒரு வரிதான். நான் உள்ளே வராமலே வட்டம் போட்டேன். அதில் கழிக்க ஒன்றும் இல்லை. அந்த ஒரு வரியைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் தேவைப்பட்டிருக்கிறது.

ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்குத் தங்கை வீட்டு வாசலில் நின்றாள்.

வீட்டின் முன்னறைதான் கடை. தங்கை மகன் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். எரிந்துபோன மோட்டாரிலிருந்து பழைய கம்பியைத் தட்டி எடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பான். முப்பத்தாறு வயது. கைச் சக்கரத்தை எண்ணிச் சுற்றுகிற வேலை, உட்கார்ந்தே செய்யலாம். இடது காலில் இரும்புப் பட்டை. அவன் மனைவி வேலைக்குப் போயிருந்தாள். தங்கை தரையில் உட்கார்ந்து, கம்பிக்கு அடியில் வைக்கிற காகிதத்தை அளவு பார்த்துக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். அறை முழுக்க வார்னிஷ் வாசனை.

"வாங்க பெரியம்மா" என்றான் அவன். "சொல்லாம கொள்ளாம? போன் பண்ணியிருந்தா வண்டி எடுத்துட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருப்பேனே."

தங்கை அவள் காலைத்தான் பார்த்தாள். "என்னக்கா இது, காலெல்லாம் ரத்தம்?"

"நடந்து வந்தேன்."

"எங்கேர்ந்து?"

"வீட்டுலேர்ந்து."

தங்கை கத்தரியைக் கீழே வைத்தாள். "எதுக்கு?"

கேட்டுவிட்டாள். கணக்கு தப்பவில்லை. பெட்டியக்கா உட்காரவில்லை. உட்கார்ந்தால் தண்ணீர் கொடுப்பார்கள், தண்ணீர் குடித்தால் பேச்சு மாறிவிடும்.

"தம்பிக்குச் சொட்டு மருந்து போட்டதா உன் வீட்டு நிலையில வட்டம் போட்டிருந்ததில்ல, அது நான் போட்டது. நான் உள்ளே வராமலே போட்டேன். மருந்து போடல."

அவன் சக்கரத்தை நிறுத்தினான். எதுவரை எண்ணினானோ அந்த எண்ணைச் சுவரில் கரிக்கட்டியால் எழுதி வைத்தான், பழக்கத்தில்.

அடி விழும் என்று நினைத்துத்தான் பெட்டியக்கா வந்திருந்தாள். சாபம், அழுகை, தலைமயிரைப் பிடித்து வெளியே தள்ளுவது, எதற்கும் தயாராகத்தான் நின்றாள். தங்கை தன் மகனைப் பார்க்கவே இல்லை. அவன் காலையும் பார்க்கவில்லை.

"நீ வரவே இல்லையா?" என்றாள் மெதுவாக.

"வாசல் வரைக்கும் வந்தேன். உள்ளே மெஷின் சத்தம் கேட்டது. நீதான் தைக்கிறேன்னு நினைச்சேன். கோவம் வந்துடுச்சு."

"நான் அன்னைக்கு அட்டைப்பெட்டிக் கம்பெனிக்கு வேலைக்குப் போயிருந்தேன்க்கா. தைச்சது என் மாமியார். இவனுக்குச் சட்டை தைச்சாங்க."

தங்கை வெட்டின காகிதங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள், கலைத்தாள், மறுபடி அடுக்கினாள்.

"சாயங்காலம் வந்து நிலையைப் பார்த்தேன். மருந்து போட்டாங்களான்னு அவங்களைக் கேட்டேன். யாருமே வரலையேன்னாங்க. காலையிலேர்ந்து மெஷின்லதான் உட்கார்ந்திருக்கேன், யாரும் கதவைத் தட்டலைன்னாங்க. அதுக்கு முந்தின தடவை, பிள்ளைக்குச் சளின்னு போட வேண்டாம்னு தடுத்தவங்க அவங்கதான். அதனால நானே முடிவு பண்ணிட்டேன். வந்தவங்ககிட்ட போட்டாச்சுன்னு பொய் சொல்லித் திருப்பி அனுப்பிட்டாங்க, அதை மறைக்கிறாங்கன்னு. அடுத்த தடவை போட்டுக்கலாம்னு இருந்தேன், அதுக்குள்ள காலு போச்சு. நான் விடல. பிள்ளை மேல கை வைச்சு ஆணையிட்டாங்க. யாரும் வரலம்மான்னு. பொய் ஆணையிட்டு என் பிள்ளையை முடமாக்கிட்டேன்னு கத்தினேன். அன்னைக்கு ராத்திரியே அவங்க துணியை எடுத்து வெளியே வைச்சேன்."

"என்கிட்ட ஏன்டி சொல்லல?"

"வீட்டு அசிங்கம் வெளியே போகக் கூடாதுன்னு அவர் சொல்லிட்டார். உன்கிட்ட கேட்கணும்னு எத்தனையோ தடவை வாய் வரைக்கும் வந்தது. கேட்கறதுக்கு என்ன இருக்குன்னு விட்டுட்டேன். அது உன் வட்டம்னு எனக்குத் தெரியும். கீழே வால் விட்டுத்தான் நீ போடுவே. நாம பேசிக்கல, சரி. சண்டை வேற, அக்கா எழுத்து வேற. அக்கா பொய் எழுத மாட்டா. அப்போ பொய் சொல்றது யாரு? அவங்கதான். இவ்வளவுதான் நான் யோசிச்சது."

பெட்டியக்காவுக்கு அப்போதுதான் உட்காரத் தோன்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கி உட்கார்ந்தாள். ஐந்து நாள் நடந்ததில் ஒரு அடிகூட அந்த ஒல்லிக் கிழவிக்காக அவள் நடக்கவில்லை. அப்படி ஒருத்தி இதற்குள் இருக்கிறாள் என்பதே அவளுக்குத் தெரியாது.

"ஆறு வருஷம் உயிரோட இருந்தாங்க" என்றாள் தங்கை. "மூணு தெரு தள்ளித்தான். கடையில பார்த்தா நான் இந்தப் பக்கம் திரும்பிக்குவேன். கடைசியில படுத்தப்போ என்னைப் பார்க்கணும்னு ஆள் அனுப்பினாங்க. நான் போகல. மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிடுறாங்கன்னு நினைச்சேன். நான் மன்னிக்க மாட்டேன்னு சொல்லி அனுப்பினேன்."

எழுந்தாள். முகம் கழுவினாள். புடவையை உதறிக் கட்டினாள்.

"எங்கம்மா?" என்றான் மகன்.

"உங்க சித்தப்பா வீட்டுக்கு."

"நானும் வரேன்டி. நான் பண்ணினதை நான் சொல்றேன்" என்று பெட்டியக்கா எழப் பார்த்தாள்.

"நீ வராதே. உன்னைப் பத்திப் பேச நான் போகல. நான் பண்ணினதைப் பேசப் போறேன்." செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அவன் கட்டையை ஊன்றி எழுந்து போய் ஒரு தட்டில் தண்ணீரும் பஞ்சும் கொண்டுவந்து பெரியம்மா பக்கத்தில் வைத்தான். அவள் காலை அவன் தொடவில்லை. அவளே துடைத்துக்கொண்டாள்.

"என்னைத் திட்டுடா" என்றாள்.

"எனக்குத் திட்டத் தெரியல பெரியம்மா. என்னைத் தூக்கிட்டு அலைஞ்சது நீங்கதான். அதுதான் எனக்கு ஞாபகம் இருக்கு. வட்டம் எனக்கு ஞாபகம் இல்ல." உட்கார்ந்தான். "ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா நினைக்காதீங்க. நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம். கால் எனக்குப் பழகிடுச்சு. இது அம்மாவுக்குப் பழகாது. பழகறதுக்கு அவங்களுக்கு வயசு இல்ல."

அவன் சுவரில் எழுதின எண்ணைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து சுற்றத் தொடங்கினான்.

தங்கை ஒரு மணிக்குத் திரும்பி வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"என்ன சொன்னார்?" என்று மகன் கேட்டான்.

"உட்காரச் சொன்னார். எல்லாத்தையும் கேட்டார். கேட்டுட்டு, அம்மா அப்பவே சொன்னாங்களே அண்ணின்னார். வேற ஒண்ணும் சொல்லல." பிறகு பெட்டியக்காவைப் பார்க்காமல், "அக்கா, நீ கெளம்பு. பஸ்ல போ. நடக்காதே" என்றாள்.

"இனிமே வரலாமா?"

"நான் கூப்பிடுறேன்."

மகன் தன் மூன்று சக்கர வண்டியில் பின்னால் உட்கார வைத்து பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய் விட்டான். ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தான். பஸ் நகரும்வரை நின்றான்.

பெட்டியக்கா அதற்குப் பிறகு நாலு வருஷம் இருந்தாள். வீட்டில் போன் அடித்தால், கொதிக்கிற பாலைக்கூட அப்படியே விட்டுவிட்டு வந்து எடுப்பாள். பெரும்பாலும் மகள்தான். மாசத்துக்கு ஒரு தடவை தங்கை மகன் பேசுவான். சாப்பாடு, முழங்கால் வலி, மழை என்று கொஞ்ச நேரம் போகும். கடைசியில், "அம்மா பக்கத்துல இருக்காங்களா?" என்று கேட்பாள்.

"இருக்காங்க பெரியம்மா. காகிதம் வெட்டிட்டு இருக்காங்க."

"சரி. வேலை பார்க்கட்டும்" என்று வைத்துவிடுவாள்.